உணவுக்காகக் கொடுக்கும் காசு வேலை செய்கிறதா? திருகோணமலையில் மதிப்பீடு செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாதர் சங்கம், ஒரு பள்ளிவாசல், ஒரு கோயில் பரிபாலன சபை, அல்லது வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து அனுப்பிய ஒரு தொகை. சாப்பாட்டுக்குத் தட்டுப்படும் குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து யாரோ கேட்கிறார்: "சரி, இதனால் என்ன நடந்தது?" பெரும்பாலும் கையெழுத்துப் பட்டியலும் நாலைந்து படங்களும்தான் பதிலாக வரும். காசு கைமாறியதற்கு அவை சாட்சி. வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். பெரிய நிறுவனம் தேவையில்லை. நாலு தொண்டர்கள், ஒரு கணக்குத் தெரிந்த ஆள், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

1. யார், எதை முடிவு செய்யப் போகிறார்கள்?

வினாக்கொத்தை எழுதுவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதுங்கள். தொகையைக் கூட்டுவதா, மாதத்தை மாற்றுவதா, பட்டியலைத் திருத்துவதா, நிறுத்துவதா? இந்த முடிவுகளில் எதற்கும் உதவாத கேள்வியை வினாக்கொத்திலிருந்து வெட்டிவிடலாம். நன்கொடையாளர்கள் பொருத்தம், ஒத்திசைவு, பயன், சிக்கனம், தாக்கம், நிலைபேறு என்று ஆறு அளவுகோல்களைக் கேட்பதுண்டு. சின்னத் திட்டத்துக்கு நான்கு கேள்விகள் போதும்: சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்ததா, தொகை போதுமா, சாப்பாடும் கடனும் மாறினவா, அரசாங்கம் கொடுக்கும் உதவியோடு இது முட்டுகிறதா. நான்காவதைப் பலர் மறந்துவிடுவார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரித் திட்டம், தொடக்கத்தில் வகைக்கேற்ப மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை கொடுத்தது. உங்கள் காசு அதற்கு மேலதிகமாகப் போகிறதா, அது கிடைக்காதவருக்குப் போகிறதா என்று தெரியாமல் எந்த எண்ணையும் விளங்கிக்கொள்ள முடியாது.

2. முதலில் பருவங்களை வரையுங்கள்

என் பார்வையில் இந்த முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான்.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. அவற்றின் பசிக்காலம் ஒன்றாக இருப்பதில்லை. கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரையில் கடலை நம்பும் குடும்பத்துக்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மாரியும் சேர்ந்து வள்ளத்தைக் கரையில் கட்டிவிடும். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடல் திறந்திருக்கும். அப்போது மேற்குக் கரையிலிருந்துகூடத் தொழிலாளர்கள் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுகிறார்கள். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் கதை வேறு. அங்கே வயல் கூலியை நம்பும் குடும்பத்துக்குப் பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் கையில் காசு புரளும். சிறுபோக அறுவடையில் ஓகஸ்ட், செப்டெம்பர் அளவில் இன்னொரு முறை. இடைப்பட்ட மாதங்களில் நாட்கூலி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இப்போது ஒரு மீனவக் கிராமத்தில் டிசெம்பரில் தொடக்கக் கணக்கெடுப்பு, ஜூனில் இறுதிக் கணக்கெடுப்பு என்று வைப்போம். சாப்பாடு கூடியிருக்கும். உங்கள் காசு ஒரு சதம்கூடப் போகாவிட்டாலும் கூடியிருக்கும், ஏனென்றால் சோளகக்காற்று (தென்மேற்குக் காற்று) வந்துவிட்டது, வலை கடலில் இறங்கிவிட்டது. மாற்றிச் செய்தால், ஜூனில் தொடங்கி டிசெம்பரில் முடித்தால், நல்ல திட்டமும் தோற்றதுபோலத் தெரியும். முதல் வகை அறிக்கைதான் பாராட்டு வாங்கும். பாராட்டு கடலுக்குப் போக வேண்டியது.

அதனால் ஒரு பெரிய தாளில் 12 மாதங்களைக் கீறி, மீனவர் சங்கத்தாரையும் கமக்காரர் அமைப்பினரையும் இரண்டு மூன்று அம்மாக்களையும் உட்காரவைத்து இவற்றைக் குறியுங்கள்: தொழில் இருக்கும் மாதம், கடன் வாங்கும் மாதம், அடகு வைக்கும் மாதம், பாடசாலைச் செலவு வரும் மாதம், வெள்ளம் வழக்கமாக வரும் கிழமைகள். முடிந்தால் தொடக்கக் கணக்கெடுப்பையும் இறுதிக் கணக்கெடுப்பையும் ஒரே பருவத்தில், அதாவது ஓராண்டு இடைவெளியில் வையுங்கள். முடியாவிட்டால் ஒப்பீட்டுக் குழு ஒன்று கட்டாயம் வேண்டும். அதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

நோன்பையும் விரதத்தையும் இதே தாளில் எழுதுங்கள். ரமழானில் "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்" என்ற கேள்வி பொருளற்றுப் போகும். பள்ளிவாசல் கஞ்சியும் ஸகாத்தும் சதக்காவும் அந்த மாதத்தையே வேறு மாதமாக்கிவிடும். கந்தசஷ்டிக் கிழமையில் சைவக் குடும்பத்தில் மீன் கேட்டால் பூச்சியம்தான் வரும். அது வறுமையால் வந்த பூச்சியம் இல்லை. இந்தக் கிழமைகளில் கணக்கெடுப்பு வைக்காதீர்கள்.

எதிர்பாராத அடிகளையும் பதிய வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது, அதற்கு முன்பு தொடக்கக் கணக்கெடுப்பு செய்து வைத்திருந்தவர்களுக்கு அந்த எண்களை அப்படியே பின்னர் ஒப்பிட வழியில்லாமல் போயிருக்கும். அப்படியான வேளையில் "முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறார்களா" என்ற கேள்வியைக் கைவிட்டு, "காசு கிடைக்காத அயல் வீட்டைவிடத் தாங்கினார்களா" என்று கேட்க வேண்டும்.

3. தொகை எதை வாங்கும்?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த வேகத்தில் ஜனவரியில் முடிவு செய்த தொகை ஆண்டு முடிவதற்குள் பாதியாகிவிடும். இன்று அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தேங்காயும் அரிசியும் மீனும் தனித்தனியாகத் துள்ளும் குணம் உள்ளவை.

மாதம் ஒருமுறை, ஒரே திகதியளவில், குறைந்தது மூன்று கடைகளில் விலை எடுங்கள்: நாட்டரிசி, கோதுமை மா, பருப்பு, தேங்காய், சீனி, எண்ணெய், முட்டை, பால்மா, ஊரில் மலிவாகக் கிடைக்கும் மீன் (பெரும்பாலும் சூடை அல்லது சாளை), இரண்டு மரக்கறி, மண்ணெண்ணெய் அல்லது விறகு. ஒரு கடை நகரச் சந்தையிலும் மற்றவை கிராமத்துக்குள்ளும் இருக்கட்டும். ஒருவருக்கு நாளுக்கு 2,100 கிலோகலோரி என்ற சர்வதேச அளவை வைத்து ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதக் கூடை கட்டலாம். அது கடினமாக இருந்தால் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிடும் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் நாடளாவிய கோடு தலைக்கு மாதம் 6,966 ரூபாய். நெருக்கடிக்குப் பிறகு அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2019 மனக்கணக்கில் இன்னும் தொகை நிர்ணயிக்கிற குழுக்கள் இருக்கின்றன.

இரண்டு மூன்று கடைகள் மட்டுமே உள்ள ஒதுக்கிடங்களில், காசு கொடுக்கும் கிழமையில் விலை ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுப்பதைப் பிரித்துக் கொடுக்கலாம்.

4. பட்டியலைச் சரிபார்த்தல்

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கையின் கடைசி வீடு வரை நடவுங்கள். அவ்வளவுதான் இந்தப் படி. பட்டியலில் இருக்கக் கூடாத வீடு சட்டென்று கண்ணில் படும். இருக்க வேண்டியும் இல்லாத வீட்டைத் தேட வேண்டும்: அடையாள அட்டை இல்லாத முதியவர், உறவினர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் தனித்த தாய், இடம்பெயர்ந்து திரும்பியும் பதிவு வேறு கிராம சேவகர் பிரிவில் கிடக்கும் குடும்பம், வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்கள். சங்கக் கூட்டத்துக்கு வராதவரின் பெயர் சங்கப் பட்டியலில் ஏறுவதில்லை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள்தான் பெரும்பாலும் கூடத் தேவை உள்ளவர்கள்.

5. சாப்பாட்டை எப்படி அளப்பது?

"காசு வந்ததால சாப்பாடு நல்லா இருக்கா?" என்று கேட்டால் "ஓம், நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்காகவும் சொல்வார்கள், அடுத்த மாதம் நின்றுவிடுமோ என்ற பயத்திலும் சொல்வார்கள். காசைப் பற்றிப் பேசாமல் கடந்த ஏழு நாளைப் பற்றிக் கேளுங்கள்.

உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வுப் புள்ளி இதற்கு ஏற்றது. ஏழு நாளில் ஒவ்வோர் உணவுக் குழுவையும் வீட்டார் எத்தனை நாள் உண்டார்கள் என்று கேட்டு, அந்தக் குழுவுக்குக் கொடுத்த எண்ணால் (இதை நிறை என்பார்கள்) பெருக்கிக் கூட்ட வேண்டும். சோறு, பாண், மா, கிழங்குக்கு 2. பருப்பு, கடலை, பயறுக்கு 3. மரக்கறிக்கு 1, பழத்துக்கு 1. மீன், இறைச்சி, முட்டைக்கு 4. பால், தயிருக்கு 4. சீனிக்கும் எண்ணெய்க்கும் தலா 0.5.

ஓர் உதாரணம். சோறு 7 நாள், 14. பருப்பு 2 நாள், 6. மரக்கறி 4 நாள், 4. பழம் ஒரு நாள், 1. மீன் 2 நாள், 8. பால் இல்லை. சீனி 7 நாள், 3.5. எண்ணெய் 7 நாள், 3.5. மொத்தம் 40. வழக்கமான எல்லைப்படி 21 வரை மோசம், 35 வரை விளிம்பு, அதற்கு மேல் ஏற்கத்தக்கது. அப்படியென்றால் இந்தக் குடும்பம் தப்பிவிட்டது. ஆனால் சீனியும் எண்ணெயும் அன்றாடம் புழங்கும் இடங்களுக்கு 28, 42 என்ற உயர்ந்த எல்லைகள் உண்டு. அதன்படி இந்தக் குடும்பம் விளிம்பில் நிற்கிறது. எவ்வளவு வறிய வீட்டிலும் தேத்தண்ணிக்குச் சீனியும் தாளிக்க எண்ணெயும் இருக்கும் நமது ஊருக்கு இரண்டாவது எல்லைதான் பொருத்தம் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் தொடக்கத்தில் முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

கேட்பவர்கள் தடுமாறும் இடங்கள் சில. தேத்தண்ணியில் ஊற்றிய கொஞ்சப் பாலைப் பால் நாளாக எண்ணக் கூடாது. சம்பலில் இடித்த மாசியும் சொதியில் வாசத்துக்குப் போட்ட ஒரு துண்டுக் கருவாடும் மீன் நாளாகாது. இவை சுவைப்பொருள், நிறை பூச்சியம். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் கடற்கரை வீடுகள் எல்லாவற்றிலும் வாரம் ஏழு நாளும் மீன் என்று பதிவாகும். தேங்காய்ப்பாலை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதையும் பயிற்சி நாளிலேயே ஒரு முடிவாக எழுதி, எல்லோரும் அதையே பின்பற்றுங்கள்.

கூடவே கேட்க வேண்டியது சமாளிப்பு. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் மலிவான, விருப்பமில்லாத உணவை உண்டார்கள் (நிறை 1), சாப்பாட்டைக் கடன் வாங்கினார்கள் அல்லது உறவினரிடம் கேட்டார்கள் (2), அளவைக் குறைத்தார்கள் (1), பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்தார்கள் (3), வேளையைக் குறைத்தார்கள் (1). ஆகக் கூடியது 56. 19ஐத் தொட்டால் நெருக்கடி என்று எடுப்பது வழக்கம். உணவுப் புள்ளி ஏறாமல் இந்த எண் மட்டும் இறங்கினாலும் அதைச் சாதனையாகவே கொள்ளுங்கள். "நான் பிறகு சாப்பிடுறன்" என்று சொல்லும் தாய் நிறை 3 கொடுத்த அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறாள்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் உலக உணவுத் திட்டம் பணத்தையும் உணவுப் பொதியையும் ஒப்பிட்டு ஒரு முன்னோடித் திட்டம் நடத்தியது. காசு பெற்ற குடும்பங்கள் அரிசி, மாவை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து, உணவின் வகையைக் கூட்டின. ஆகவே அரிசி கூடியதா என்று மட்டும் பார்த்தால் காசின் வேலை தெரியாது. மீன், முட்டை, பருப்பு நாட்களைப் பாருங்கள்.

6. கடைக் கொப்பியும் அடகுச் சீட்டும்

காசுக்கு அடையாளம் கிடையாது. உங்கள் 10,000 ரூபாயும் கூலியாக வந்த 3,000 ரூபாயும் ஒரே டப்பாவுக்குள் போய்விடும். "எங்கள் காசில் என்ன வாங்கினீர்கள்" என்ற கேள்விக்கு யாராலும் உண்மையாகப் பதில் சொல்ல முடியாது, பொய் சொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும். அதற்குப் பதிலாகக் கடன் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கிராமத்துக் கடையில் கொப்பிக்குச் சாமான் எடுக்கும், அதாவது கடனைக் கொப்பியில் எழுதி வாங்கும் குடும்பங்களே அதிகம். அம்மா சம்மதித்தால் கொப்பியைப் பார்த்து மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: மாத முடிவில் மிச்சக் கடன் எவ்வளவு, மாதத்தின் எந்தக் கிழமையில் கடன் தொடங்குகிறது, என்ன சாமான் எடுக்கிறார்கள். முன்பு ஐந்தாம் திகதியே கொப்பியைத் தூக்கிய குடும்பம் இப்போது இருபதாம் திகதிதான் தூக்குகிறது என்றால், எந்தப் புள்ளியையும்விடத் தெளிவான பதில் அது. கடைக்காரரிடம் தனிக் குடும்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மொத்தத்தில் கொப்பிக் கடன் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் அவரும் சொல்வார், யாருக்கும் மானம் போகாது.

காசில் ஒரு பகுதி கடனுக்குப் போனால் பதறத் தேவையில்லை. கடைக் கடனை அடைத்தால் கடை மறுபடி திறக்கும், அதுவும் உணவுதான். கிழமைக் கடன் வசூலிப்பவர் காசு வரும் நாளைத் தெரிந்துகொண்டு வாசலில் நிற்கிறார் என்றால் அது வேறு விஷயம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்த அளவுக்கு அந்தச் சுமை பெரிது. தவணைத் திகதியையும் உங்கள் கொடுப்பனவுத் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பலது வெளிச்சமாகும்.

அதோடு 30 நாளுக்குள் நடந்தவற்றைக் கேளுங்கள்: நகை அடகு, வலை அல்லது இஞ்சின் விற்றது, விதைநெல்லை உண்டது, பசு விற்றது, பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்தது, மத்திய கிழக்குக்குப் போக முகவரிடம் பெயர் கொடுத்தது. நகை மீளலாம். வலையும் விதைநெல்லும் போனால் அடுத்த பருவமே போய்விடும். இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள், ஒரே எண்ணில் அடக்காதீர்கள்.

ஆண்கள் குடித்துத் தீர்ப்பார்கள் என்ற பேச்சு எப்போதும் எழும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது காசு உதவியால் குடிச்செலவு கூடியதற்குப் பொதுவாகச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் யார் பெயரில் கணக்கு, யார் கையில் அட்டை, செலவை யார் முடிவு செய்கிறார் என்று பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். காசு வந்ததால் வீட்டில் சண்டை கூடியதா என்றும் கேளுங்கள்.

7. எத்தனை வீடு, எதனோடு ஒப்பிடுவது?

300 குடும்பங்கள் பெறுகிறார்கள் என்றால் எல்லோரிடமும் போகத் தேவையில்லை. மொத்தத்தை, 1உடன் மொத்தம் பெருக்கல் நீங்கள் ஏற்கும் பிழையின் (5 வீதம் என்றால் 0.05) வர்க்கத்தைக் கூட்டிய எண்ணால் வகுத்தால் மாதிரி அளவு வரும். பிழை 5 வீதம் என்றால் சுமார் 171 வீடு. 10 வீதம் போதும் என்றால் 75. பின்னதில் பட்டியலில் ஒவ்வொரு நான்காவது பெயரையும் எடுங்கள், தொடங்கும் பெயரைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். வீதியோர வீடுகளை மட்டும் பிடித்தால் எண் எத்தனை பெரிதாக இருந்தும் பயனில்லை. மீனவர், கமக்கூலி என்று பிரித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பிரிவிலும் போதிய வீடுகள் விழ வேண்டும்.

ஒப்பீட்டுக்கு, உதவியை மறுத்து ஒரு குழுவை உருவாக்காதீர்கள். அடுத்த கட்டத்தில் சேரக் காத்திருக்கும் குடும்பங்கள், அல்லது தகுதிக் கோட்டுக்குச் சற்று வெளியே நின்றவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் போதும். உதாரணமாக, காசு பெற்றவரின் உணவுப் புள்ளிச் சராசரி 34இலிருந்து 44 ஆகியது, காத்திருந்தவரின் சராசரி 35இலிருந்து 41 ஆகியது என்றால், 10இல் 6 பருவத்தின் வேலை. உங்கள் காசு செய்தது 4. அந்த 4ஐ எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

8. கேட்கும் ஆள்

காசு கொடுப்பவர் கேட்கக் கூடாது. பட்டியல் போட்டவரும் கூடாது. கிராம சேவகருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள், ஆனால் அவர் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவு இளைஞர்கள் இன்னொரு பிரிவில் போய்க் கேட்டால் நல்லது. கோமரங்கடவல, பதவிசிறிபுர போன்ற இடங்களுக்குச் சிங்களம் தாய்மொழியானவர்கள் போக வேண்டும், இடையில் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

சமைப்பவரிடம் கேளுங்கள். "அக்கா", "ராத்தா" என்று வீட்டுக்கேற்ற முறை சொல்லித் தொடங்கி, பதில் எப்படியிருந்தாலும் காசு நிற்காது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். "ஏழு நாள்" என்பதைவிட "போன வெள்ளியிலிருந்து நேற்று ராத்திரி வரைக்கும்" என்று நாளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் ஞாபகம் வரும். காசு கிடைத்த மறுநாளே போகாதீர்கள், இரண்டு மூன்று கிழமை கழியட்டும். பதில்களைப் பதியக் கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலி இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் கைபேசியில் வேலை செய்யும். அடையாள அட்டை இலக்கத்தை வினாக்கொத்தில் எழுதாமல் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

9. செலவுக் கணக்கு

செலவழித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் குடும்பத்தின் கைக்கு எத்தனை போனது என்று கணக்குப் பாருங்கள். அதில் குடும்பத்தின் செலவையும் கழியுங்கள்: வங்கிக்குப் போன பஸ் காசு, இழந்த அரைநாள் கூலி, ஈசி கேஷ் போன்ற கைபேசிப் பணச் சேவையில் எடுத்தால் முகவர் எடுத்த கழிவு.

10. எழுதி முடித்த பிறகு

அறிக்கை நாலு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. நன்கொடையாளருக்கு அனுப்புவதற்கு முன் அதே கிராமத்தில் கூட்டம் வைத்து வாசியுங்கள். பெயர் சொல்லாமல், எண்களை மட்டும். "இது சரியில்லை, அந்தக் கிழமை எங்களுக்குத் தொழில் இருந்தது" என்று யாராவது எழுந்து சொன்னால் அதையும் அறிக்கையில் சேருங்கள்.

கடைசியாக, காசு நின்று மூன்று மாதம் கழித்து ஒருமுறை, சின்ன மாதிரியோடு, உணவுப் புள்ளி, சமாளிப்பு, கொப்பிக் கடன் மூன்றை மட்டும் திரும்ப எடுங்கள். கரையோரக் குடும்பங்களுக்கு அந்த மூன்றாம் மாதம் மே அல்லது ஜூனில் விழுந்தால், நவம்பர் நடுவில் இன்னொரு முறையும் போங்கள், தீபாவளிக் கிழமையையும் கந்தசஷ்டியையும் விலக்கி. வயல் கூலிக் குடும்பங்களுக்கு மார்ச்சைத் தவிர்த்து, மே நடுப்பகுதியில் போகலாம்.